வாஸ்துத் தொட்டி

அந்த மீன்தொட்டியை நான் வாங்கவில்லை. சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நான் பாத்திரம் கழுவும் சாப்பாட்டுக் கடையில், முதலாளி வாஸ்துக்காக வைத்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. வியாபாரம் மட்டும் அமோகமாக ஓடியது. அவருக்கே குழப்பம். தூக்கிப் போடச் சொன்னார். காய்கறி லாரியில் ஏற்றி, பொங்கோலில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி வாசலில் நின்றாள்.

“கடையில கழுவுறது பத்தலையா உங்களுக்கு?”

பத்தவில்லை போலிருக்கிறது. குழாய்த் தண்ணீரை நிரப்பி, அப்படியே கப்பி மீன்களை விட்டேன். செத்தன. அடுத்து விட்டவை கொஞ்ச நாள் இருந்தன. ஃபில்டர் பஞ்சு அழுக்காகத் தெரிந்தது. சோப்பு போட்டுப் பளபளவென்று கழுவினேன். அவையும் செத்தன.

மீன் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பஞ்சில் அழுக்கு இருந்தால்தான் மீன் பிழைக்குமாம். நான் சுத்தத்துக்குச் சம்பளம் வாங்குகிறவன். என்னிடம் போய் இதைச் சொல்கிறார். குழாய்த் தண்ணீரில் குளோரின் போக மருந்து ஊற்றி, ஒரு நாள் வைத்துவிட்டு மாற்றச் சொன்னார்.

அதனால் சமையலறையில் எப்போதும் ஒரு வாளித் தண்ணீர். மனைவிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

“டெங்கி செக்கிங் வந்து, வாளியில கொசு வளருதுன்னு ஃபைன் போட்டாங்கன்னா, அன்னைக்கே தொட்டி கீழ குப்பைக்குப் போயிரும். சொல்லிட்டேன்.”

வாளிக்கு மூடி போட்டேன். மீன்கள் இப்போது நன்றாக இருந்தன. குட்டிகூடப் போட்டிருந்தன. குப்பைக்கு அனுப்ப மனசில்லை.

ஒரு நாள் செக்கிங் வந்தது. டார்ச் லைட்டோடு ஒரு தமிழ்ப் பெண்.

“இந்த வாளி எதுக்கு அங்கிள்?”

“மீனுக்கு.”

“கொசுவுக்கும் வசதிதான் லா.”

மூடியைத் திறந்து லைட் அடித்தாள். மனைவி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். வாளியில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சாமி மேடைப் பக்கம் போனாள். அங்கே ஒரு சீசாவில் மனைவி மணி பிளாண்ட் வைத்திருந்தாள்.

“ஆண்ட்டி, இதுல நெளியுது பாருங்க.”

“அது சாமிக்கு வெச்சதும்மா.”

“சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான்தான் எழுதணும்.”

ஃபைன் எழுதிவிட்டுப் போனாள்.

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“சிரிச்சீங்க, சோறு கிடையாது.”

சிரிக்கவில்லை. பசித்தது.

கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி முன்னால் வந்து நின்றாள்.

“இதுங்க கொசுக்குட்டிய தின்னுமா?”

“தின்னும்.”

“ரெண்டப் புடிச்சு அந்தச் சீசால விடுங்க.”

“சின்ன சீசா. செத்துரும்.”

யோசித்தாள். செடியை எடுத்துவந்து, வேர் தண்ணீரில் படும்படி தொட்டியின் ஓரத்தில் செருகினாள். சாமிச் செடி வந்துவிட்டதால் கண்ணாடியில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். பொட்டு வெளியே இருக்கிறது என்று மீன்களுக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து கொத்திக்கொண்டே இருக்கின்றன.