காருக்குப் போர்த்திய போர்வை

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், தூத்துக்குடி முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே இது நடந்தது. அப்போது துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கணக்காளராக இருந்தேன். என்னிடம் இருபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெட்ரோல் கார் இருந்தது. மூன்றாவது கையாக வாங்கியது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை அதிகம்.

அந்த வருடம் மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பத்து மணி வெயில் ஏறியதும் ஒரே திருகில் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே நல்ல பிள்ளையாக ஓடும், அவர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். பேட்டரியை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். பிறகு கைபேசியில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, இது குளிரால் வருகிற கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் சொன்னதை நம்பி, இரவில் பானட்டின் மேல் ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்த ஆரம்பித்தேன். தூத்துக்குடியில் மார்கழியில்கூட மின்விசிறி இல்லாமல் தூங்க முடியாது. எதிர்வீட்டுக்காரர், "காருக்குக் காய்ச்சலா அண்ணாச்சி, கசாயம் குடுத்தியளா?" என்று தினமும் கேட்டார்.

அந்த ஞாயிறு என் மனைவிக்குத் திருநெல்வேலியில் அரசு வேலைக்கான தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மூன்று வருடம், சமையல் முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் படித்தவள். ஒன்பது மணிக்குத் தேர்வு மையத்தின் கேட்டை மூடிவிடுவார்கள். பஸ்ஸில் போய்விடலாம் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் கார் நிற்கும்போது பஸ் எதற்கு என்று நான் அடம்பிடித்தேன். போதாததற்கு, தூரப் பயணமாயிற்றே என்று சனிக்கிழமை சாயங்காலம் பானட்டைத் திறந்து இன்ஜினையும் சேர்த்துக் குளிப்பாட்டினேன். வாராவாரம் செய்கிற வேலைதான். அன்று கொஞ்சம் கூடுதலாகச் செய்தேன்.

பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆறரைக்குக் கிளம்ப வேண்டும். போர்வையை எடுத்துவிட்டுச் சாவியைத் திருகினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும், மறுபடியும்.

"இப்பம் கிளம்புனாக்கூட பஸ்ஸப் பிடிச்சிரலாங்க" என்றாள் மனைவி.

"ஏளா, அஞ்சு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு பானட்டுக்குள் தலையை விட்டேன்.

எதிரே டீக்கடையில் உப்பு லோடு ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர், நாற்பது வயது இருக்கும், டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் நின்றார். வெயில் ஏறினால் வண்டி எடுக்குமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதைச் சொல்லவே இல்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற கறுப்பு மூடியை அவரே கழற்றினார். உள்ளே விரலை ஓட்டி, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எந்தத் தண்ணில கழுவுதிய?"

போர் தண்ணீர் என்றேன். எங்கள் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் குழாயில் வருவதே சில நாளைக்கு ஒரு முறை, அதைக் குடத்தில் பிடித்து வைப்போம். யாரும் அதைக் காரில் ஊற்ற மாட்டார்கள்.

"உப்பு பனிய இழுக்கும்லா அண்ணாச்சி. உப்பளத்துல தார்ப்பாய் போடலன்னா காலைல மூட்டையெல்லாம் கசிஞ்சு நிக்கும், வெயில் வந்தாக் காஞ்சிரும். இதுவும் அதே சங்கதிதான். இந்த ஈரத்துல கரண்டு எங்கன போயி பிளக்குல சேரும்? நாங்க ஸ்ரீவைகுண்டம் போயி ஆத்துத் தண்ணிலதான் லாரிய கழுவுவோம்."

குளிர் இல்லை, நான்தான் கோளாறு. வாராவாரம் என் கையாலேயே உப்பைப் பூசியிருக்கிறேன். அவர் தன் பாட்டில் தண்ணீரில் துணியை நனைத்து மூடியையும் வயர்களையும் துடைத்தார். பிறகு உலர்ந்த துணியால் பொறுமையாகத் துடைத்தார். நான் ஒவ்வொரு வயராகப் பிடித்துக் கொடுத்தேன், சந்தேகம் கேட்டேன், விளக்கம் கேட்டேன். நடுவில் மனைவி பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். "ம்" என்றேன்.

மூடியை மாட்டிச் சாவியைத் திருகினேன். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. "ஏறு, ஏறு" என்று கத்திக்கொண்டே திரும்பினேன். வாசலில் யாரும் இல்லை.

"அக்கா பஸ்ல ஏறிப் போயி இருவது நிமிஷம் ஆச்சே. ஒங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாவ" என்றார் டிரைவர்.

கைபேசியில் கூப்பிட்டேன். திருநெல்வேலி பஸ்ஸில் இருந்தாள். கோபப்படவில்லை. "நீங்க பைய வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

வழியில் ரயில்வே கேட் வேறு அடைத்திருந்தது. தேர்வு மையத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது அடித்து ஐந்து நிமிடம். கேட் மூடியிருந்தது. என் மனைவி அதற்குள் உள்ளே போயிருந்தாள். வெளியே ஒரு பெண், கையில் ஹால் டிக்கெட்டோடு, காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பைக்கைக் கீழே போட்ட மாதிரி நிறுத்திவிட்டு, வழியில் பஞ்சர் ஆகிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட் திறக்கவே இல்லை. அந்தப் பெண் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அங்கே நிற்க முடியாமல் காரை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் நிறுத்தினேன்.

என் மனைவிக்கு அந்த வேலை கிடைத்தது. அந்தக் காலையைப் பற்றி அவள் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. நான்தான் மறக்கவில்லை. அன்றைக்கு என் வேலை காரை ஓட வைப்பது அல்ல, அவளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இப்போதும் எதையாவது சரிசெய்ய உட்கார்ந்தால், பக்கத்தில் யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.