கைதூக்கி ஏறி நிற்கிறார்

எதிர்ச்சாரியில் போகிற யாராவது மெத்தைக்கடைப் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினால் போதும், கைதூக்கி கடையை விட்டு இறங்கிவிடுவார். நடைபாதையைத் தாண்டி, நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, வந்தவர் சாலையைக் கடந்து முடிப்பதற்குள் முகத்துக்கு முகம் நின்று "சொல்லுங்க" என்பார். நாரா ஃபோமா, ஒற்றையா இரட்டையா, முதுகுவலி உண்டா இல்லையா என்கிற விசாரணை எல்லாம் லாரிக்காரர்கள் ஹார்ன் அடிக்க அடிக்க நடுச்சாலையிலேயே நடக்கும். மெத்தை என்றால் படுத்துப் பார்த்துத்தானே வாங்குவார்கள்? அதற்கும் அவரிடம் வழி உண்டு. சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு ஃபோமை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுவார். கடைக்குள் நுழைந்து படுத்துப் பார்த்த வாடிக்கையாளர் என்று ஒருவரையும் அந்தத் தெருவில் காட்டமுடியாது.

கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. வாடிக்கையாளரை உள்ளே வரவிடுவதற்குத்தான் கடை என்று ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டார். கைதூக்கியின் பதில் மாறியதே இல்லை. "உள்ள வந்துட்டாங்கன்னா அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல மொதலாளி."

எல்லாம் கால்பந்து செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடைத்தெரு ஆட்களுக்குள் நடக்கிற ஆட்டங்களில் கட்டில், மெத்தை, நாற்காலிக்காரர்கள் சேர்ந்த அணிக்கு அவர்தான் பின்வரிசைத் தலைவர். மற்ற அணிகளில் பின்வரிசைக்காரர்கள் கோலைச் சுற்றிக் காவல் கிடப்பார்கள். இவரோ தன்னோடு சேர்த்துப் பின்வரிசை நால்வரையும் மைதானத்தின் பாதிவரை ஏற்றிக்கொண்டு வந்து, நூல் பிடித்த மாதிரி ஒரே வரிசையில் நிறுத்துவார். பின்னால் கோல்கீப்பர் மட்டும் அநாதையாக நிற்பார்.

சூட்சுமம் விதியில் இருக்கிறது. எதிராளிக்குப் பந்தைத் தள்ளிவிடுகிற அந்தக் கணத்தில், அவனுக்கும் கோலுக்கும் இடையில் கோல்கீப்பரைத் தவிர நம் ஆள் இன்னும் ஒருவராவது இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆஃப்சைடு, அவன் அடிக்கும் கோல் செல்லாது. ஆகவே, பந்தைத் தள்ள எதிரணிக்காரன் காலைத் தூக்குகிறான் என்றதுமே கைதூக்கி "ஏறு" என்று ஒரு சத்தம் கொடுப்பார். நால்வரும் சேர்ந்தாற்போல் ஓரடி முன்னே வைப்பார்கள். பாய்ந்து வந்தவன் நால்வருக்கும் பின்னால் தன்னந்தனியாக மாட்டிக்கொள்வான். உடனே கைதூக்கியின் வலது கை வானத்துக்குப் போகும். முகத்தில் அநியாயத்துக்கு ஆளானவரின் சோகம் வேறு. பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி, ஊருக்கு அவர் கைதூக்கிதான்.

இந்த வித்தைக்குக் காரணம் வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், முழங்கால். நால்வருக்கும் வயதாகிவிட்டது. ஓடிப் பிடிக்கத் துப்பில்லாதவன் பின்னால் நிற்பதுதானே உலக வழக்கம்? அவர் கணக்கே தனி. "ஓட முடிஞ்சவன் பின்னாடி நிக்கலாம். நமக்கு முட்டி போச்சு. நாம முன்னாடி போய்த்தான் ஆகணும்." வரிசையை உடைத்துக்கொண்டு ஒருவன் போய்விட்டால் அவர் திரும்பி ஓடவே மாட்டார். கை தூக்கியபடி அங்கேயே நிற்பார். திரும்பி ஓடுவது என்றால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி என்பார்.

இந்தப் பொறியில் ஒரே ஒரு ஓட்டை. நால்வரில் ஒருவர் ஏறாமல் நின்றுவிட்டால் தீர்ந்தது கதை. எதிராளி விதிப்படி சுத்தமாகிவிடுவான். பெரும்பாலும் அப்படி நின்றுவிடுகிறவர் கைதூக்கியின் மைத்துனர்தான். கட்டிலுக்கு வார்னிஷ் அடிக்கிறவர், கைதூக்கியின் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறவர். காலையில் சாப்பிட்டதையோ மத்தியானம் சாப்பிடப்போவதையோ நினைத்துக்கொண்டிருக்கையில் அவருக்குக் காது கேட்காது.

வீட்டிலும் இதே ஆட்டம்தான். விருந்தாளி தெருமுனையில் திரும்புகிறார் என்று தெரிந்தாலே கைதூக்கி "ஏறு" என்பார். மனைவி, மகள், மைத்துனர் என்று குடும்பமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். தெருமுனை மின்கம்பத்தடியிலேயே நலம் விசாரித்து, டீயையும் அங்கேயே ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக்கொடுத்து வழியனுப்பிவிடுவார்கள். "கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இந்த வீட்டுச் சுவத்துக்கு என்ன கலருன்னு எங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியாது" என்று மனைவி அலுத்துக்கொள்வாள். குடும்பம் முழுக்கத் தெருவில் நிற்கும்போது வாசற்படியில் படுத்திருப்பது ஒரு கிழட்டுப் பூனை மட்டும்தான். அதற்குக் கோல்கீப்பர் என்று பெயர். பெயருக்கேற்ப ஒன்றும் செய்யாது, படுத்தே கிடக்கும்.

மகளைப் பற்றிச் சொல்லவேண்டும். கண்ணாடிக்கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தின் ஓரத்தில் கொடி பிடித்து, ஆஃப்சைடா இல்லையா என்று சொல்கிறவளும் அவள்தான். ஒரு கட்சிக்காரரின் மகள் கொடி பிடிப்பதை எதிர்க்கட்சி எப்படி ஒத்துக்கொண்டது என்று கேட்கலாம். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? ஊரில் பாதிப் பேருடைய கண்ணின் லட்சணம் அவளுக்குத் தெரியும். தவிர, அப்பாவே ஏறத் தவறினாலும் கொடியை இறக்கித்தான் வைத்திருப்பாள். அப்படி ஒரு நாள், கோட்டில் பின்தங்கி நின்றது சாட்சாத் கைதூக்கியின் இடது கால்தான் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள். அவர் அன்று வீடுவரை அந்தக் காலையே முறைத்துப் பார்த்துக்கொண்டு போனார்.

எதிரணியில், பம்ப்செட் பழுதுபார்க்கும் கடையிலிருந்து வருகிற பையன் ஒருவன், குதிரை மாதிரி ஓடுவான். ஓடி ஓடி ஆஃப்சைடில் விழுவான். அவள் கொடி தூக்குவாள். ஆட்டம் முடிந்ததும் தான் எந்த இடத்தில் நின்றோம் என்று அவளிடம் வாதாடப் போவான். அவள் காலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவாள். அந்த வழக்கு வாரா வாரம் நீண்டது. பின்பு ஞாயிறு போதாமல் வார நாட்களுக்கும் தள்ளிவைக்கப்பட்டது. பம்ப்கடைப் பையன் கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமலே கண்ணாடி போட்டுக்கொண்டான்.

பெண் கேட்க ஒருமுறை வந்தும் பார்த்தான். கைதூக்கி தெருமுனைக்கே போய் மறித்து, மோட்டாரில் தண்ணீர் கசிந்தால் எந்த வாஷரை மாற்றுவது என்று விசாரித்தபடியே தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டுபோய்ப் பஸ் ஏற்றிவிட்டார். மைதானத்தில் "அண்ணே" என்று கூப்பிட்டுப் பழகிய வாய். பெண் கேட்கையில் மாமா என்பதா வேறென்ன என்பதா என்ற குழப்பத்திலேயே பாவம் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டான். வந்த வேலையைக் கேட்கவே இல்லை என்பது பஸ் நகர்ந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது.

இப்போது அவனை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றியிருந்தார்கள். போவதற்கு முன் ஞாயிறு சாயங்காலம் அம்மாவோடு வருகிறான் என்று மனைவி சொன்னாள். சொன்னதோடு விடவில்லை. "இந்தத் தடவையும் முக்குலேயே திருப்பி அனுப்பினா அந்தம்மா மறுபடி வரமாட்டாங்க. இவளும் வேற யாரையும் கட்டிக்க மாட்டேங்கிறா. யோசிச்சுக்குங்க."

கைதூக்கி யோசித்தார். பையன் தங்கம், அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கடையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு மெத்தைமேல் உட்கார்ந்து, மைத்துனரிடம் மட்டும் மனதைத் திறந்தார். "உள்ள வந்து உக்காந்துட்டாங்கன்னா, எந்திரிக்கும்போது அவளையும் கூட்டிக்கிட்டுத்தான்டா எந்திரிப்பாங்க." மகள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. மைத்துனர் ஆறுதலாக அவர் முதுகைத் தடவினார், வார்னிஷ் கையோடு.

ஞாயிறு சாயங்காலம் வீட்டு வாசலில் நால்வரும் வரிசையாக நின்றார்கள். இடது ஓரம் மைத்துனர், அடுத்து மனைவி, அப்புறம் கைதூக்கி, வலது ஓரத்தில் மகள். அவள் மறுபேச்சுப் பேசாமல் வந்து நின்றதில் அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. மைத்துனரைத்தான் நம்பமுடியாது என்று அவரது சட்டை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும்படி மனைவிக்கு உத்தரவிட்டார்.

தெருமுனையில் தாயும் மகனும் தெரிந்தார்கள். அம்மா செருப்பு வாரைச் சரிசெய்ய மின்கம்பத்தடியில் நின்றுவிட்டாள். பையன் நாலைந்து வீடு முன்னே வந்து, போகலாமா நிற்கலாமா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். அம்மா குனிந்தபடியே தலையை மட்டும் நிமிர்த்தினாள். வாரை மாட்டி முடித்ததும் "போ" என்று சொல்லப்போகிறாள்.

"ஏறு" என்றார் கைதூக்கி.

குடும்பம் புறப்பட்டது. வேகமாக நடந்து பையனுக்கு நேரே வந்து, வணக்கம் கூடச் சொல்லாமல் அவனைக் கடந்தும் போய்விட்டது. அவன் கையிலிருந்த பழப்பையோடு ஒதுங்கி வழிவிட்டான். அப்போதுதான் அம்மாவின் "போப்பா" அவன் காதில் விழுந்தது. அவனுக்கு முன்னால் காலித் தெரு, திறந்த வாசல், அதில் பூனை. கைதூக்கியின் வலது கை வானத்துக்குப் போனது. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான ஆஃப்சைடைப் பார்த்ததில்லை என்ற பூரிப்போடு, கொடிக்காகப் பழக்கதோஷத்தில் வலதுபக்கம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

வலதுபக்கம் ஆள் இல்லை.

மனைவி இருந்தாள். அவள் பிடியில் மைத்துனர்கூட இருந்தார், ஆயுளில் முதல்முறையாகச் சரியான இடத்தில். மகள் மட்டும் வாசற்படியிலேயே பூனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் இரண்டும் தொங்கியே இருந்தன.

"நான் இங்கதான் நிக்கிறேன்ப்பா" என்றாள். சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. "நீங்க ஏறுன்னு சொன்னது கேட்டுச்சு."

கைதூக்கியின் கை கொஞ்ச நேரம் மேலேயே நின்றது. மைத்துனர் விரலால் எண்ணிப் பார்த்தார், பூனை ஒன்று, பெண் ஒன்று. விதிப்படி பையன் மேல் குற்றமில்லை என்று மெதுவாக அறிவித்தார். பையன் "அண்ணே" என்று ஆரம்பித்து, "மாமா" என்று திருத்தி, இரண்டும் சரிப்படாமல் பழப்பையைக் கைமாற்றிப் பிடித்தான். தெருமுனையில் அந்த அம்மாள், இது என்ன வீட்டு வழக்கமோ, தானும் கை தூக்கவேண்டுமோ என்று தயங்கி நின்றாள்.

கைதூக்கி திரும்பி ஓடினார். முழங்கால் இரண்டும் கடகடக்க, வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பையனைத் தாண்டி, தன் வீட்டை நோக்கி ஓடினார். மறிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துப் பையன் பழப்பையை மார்போடு அணைத்துக்கொண்டான். கைதூக்கி வாசலுக்குப் போய், மூச்சு வாங்க மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, படுத்திருந்த கோல்கீப்பரை இரு கைகளாலும் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வாசலை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்.