உறைந்த தேங்காயெண்ணெய்

காலையில் தலைக்கு வைக்கலாமென்று தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். சொட்டும் விழவில்லை. குளிரில் வெள்ளையாக உறைந்திருந்தது. உடனே அப்பாவின் வேட்டைத் துவக்கு நினைவுக்கு வந்தது.

நான் பள்ளிக்கூடம் போன காலம். இங்கே சுவிஸில், சோலோதுர்னில் வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணி, அப்பா ஒரு துவக்கு வாங்கினார். ஒரு வெடி வைத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும். ஊரில், மன்னாரில் இருந்த பழக்கத்தில் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசினார். மார்கழிக் குளிரில், ஆற்றங்கரையில், எண்ணெய் உறைந்து, முதல் வெடியோடு துவக்கு இறுகிவிட்டது. வாத்துகள் பறந்தன. கூடப்போன சுவிஸ்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

வீட்டுக்கு வந்தவர் மேசையில் துவாயை விரித்துத் துவக்கைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஹீட்டர் சூட்டில் எண்ணெய் உருகி, வீடெல்லாம் தலைமுழுகிய நாள்போல மணந்தது.

"இஞ்சேருங்கோ, உந்தத் துவக்கை வித்துப்போடுங்கோ," என்றார் அம்மா.

"ஏன்? துவக்கில பிழையில்லை, எண்ணெயிலதான் பிழை. வாற சனி திரும்பப் போறன்." ஸ்பிரிங்கைப் பழைய பல் பிரஷால் தேய்த்தபடியே சொன்னார். போனார், இரண்டு வாத்தோடு வந்தார்.

இன்று அதே துவக்கோடு எனக்கு முதல் வேட்டை. புறப்படும்போது அப்பாவின் போன்.

"பிள்ளை, என்ன எண்ணெய் போட்டனீ?"

"துவக்கெண்ணெய்தான் அப்பா, அதுவும் கொஞ்சமாத்தான். தேங்காயெண்ணெய் தலைக்கு."

"ஓம். இறுகினாலும் பயப்பிடாதை. சிரிக்கிறவங்கள் சிரிக்கட்டும். வாற சனியும் போ."