பலகையில் ஏறிய பகவதிப்பெருமாள்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கத்துக்குப் பதினெட்டு வருஷம் நான்தான் கன்வீனர். படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் நான் கையை உயர்த்தினால் தெருவில் ஒரு மூட்டை இறங்காது. அப்படிப்பட்ட என்னையே வாயடைக்க வைத்தவன் பூதப்பாண்டிக்காரன் பகவதிப்பெருமாள்.

எட்டு வருஷமாக அவனுக்குச் சங்கக் கார்டு இல்லை. கார்டுள்ளவன் வராத அன்று மட்டும் மூட்டை தூக்குவான். கார்டு இருந்தால் தினமும் வேலை, வயசானால் பென்ஷன். 1997 ஆடியில் ஒரு கார்டு காலியானது. அவன் பேரை எழுதினேன். கையெழுத்துப் போடுவதற்குள் வேலைநிறுத்தம் வந்துவிட்டது. நூறு கிலோ மூட்டை இனித் தூக்க மாட்டோம், எழுபத்தைந்துதான் என்றோம்.

மூன்றாம் நாள் வானம் கறுத்தது. தாணுலிங்கம் முதலாளியின் கடை வாசலில் அவருடைய சீனி லாரி திறந்தபடி நின்றது. அறுபது வயசு மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டித் தானே முதுகைக் கொடுத்தார். டிரைவர் மூட்டையைச் சரித்தான். இரண்டு எட்டு வைத்தார், முழங்கால் மடங்கியது.

சாய்கிற மூட்டையைக் கண்டால் எங்களை மாதிரிச் சுமட்டுக்காரனுக்கு யோசனைக்கு முன்னே கழுத்து போய்விடும். பெருமாள் எங்கள் வரிசையிலிருந்து பாய்ந்து தலையைக் கொடுத்தான். முதலாளி உருண்டு தப்பினார்.

"கருங்காலி!" சங்கத்து இளவட்டம் அனூப் கத்தினான். "கார்டு கிட்டுறதுக்கு முன்னாலயே காலை வாருறான், கண்டோ!"

"உள்ள கொண்டு வா, மக்கா" என்றார் தரையில் கிடந்த முதலாளி.

"ரோட்டுல போடுலே!" என்றார்கள் எங்கள் ஆட்கள்.

உள்ளே வைத்தால் கார்டு போச்சு. கீழே போட்டால் சாக்கு கிழியும்; எடுத்த மூட்டையை அவன் ஒருநாளும் போட்டதில்லை. நரம்பு புடைக்க என்னைப் பார்த்தான். நான் எந்தப் பக்கம் பேசினாலும் சங்கம் இரண்டாகும்.

சட்டென்று திரும்பி, லாரியில் சாய்த்திருந்த பலகையில் ஏறினான். நூறு கிலோவோடு இறங்குவதே பாடு. பலகை வளைந்தது. ஒரு கால் வழுக்கி நின்றது. எடுத்த இடத்திலேயே மூட்டையை வைத்துவிட்டு இறங்கினான்.

"எவம்லே சரக்கை இறக்கினது?" என்றேன் நான். "வந்த மூட்டை அம்புட்டும் லாரியிலதானே இருக்கு? எண்ணிப் பாருடே, அனூப்பே!"

அனூப் எண்ணவில்லை. டிரைவரோடு தார்ப்பாய் இழுக்கப் போனான்.

லாரியின் பக்கப் பலகையில் வைத்தே கார்டில் கையெழுத்துப் போட்டேன். பெருமாளின் அந்தத் தீர்ப்பை வக்கீல்கூடச் சொல்லியிருக்க மாட்டான். அடுத்த வாரம் நாங்கள் கேட்ட எழுபத்தைந்து கிலோ மூட்டையும் வந்தது.

பெருமாளுக்குக் கழுத்து மட்டும் அன்றிலிருந்து வலப்பக்கம் திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு திரும்புவான்.