வெள்ளைப் பூனையின் காதுகள்

எனக்குக் கல்யாணம் ஆனது அறுபதுகளின் தொடக்கத்தில். பாலசமுத்திரத்திலிருந்து வந்த என் மனைவி பாத்திரம் பண்டங்களோடு ஒரு வெள்ளைப் பூனையையும் கூடையில் வைத்துக் கொண்டுவந்தாள். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் எனக்கு ஆபீஸ் வேலை. நாள் முழுக்கத் தோல்களுக்கு நடுவில் இருப்பதால் பிராணிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு இருந்தது. உயிரோடு இருக்கும் எதையும் தொட்டுப் பழகியதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பூனைக்குப் பகல் முழுக்க ஓட்டுக்கூரைதான். நல்ல வெயிலில் காலை நீட்டிக்கொண்டு தூங்கும். ஒரு கோடையில் அதன் காது நுனிகள் சிவந்து பொருக்குத் தட்டின. பொருக்கு உதிரும், ரத்தம் கசியும், மறுபடி பொருக்குக் கட்டும்.

"பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக் கடுவன் பூனைதான் கடிச்சிருக்கான்" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, ரெண்டு காதுலயும் ஒண்ணுபோல இருக்குதுங்களே?"

"ரெண்டு தடவ கடிச்சிருப்பான்."

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கம்போடு ஓட்டின் மேல் ஏறிக் கடுவனுக்காகக் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் உட்கார்ந்து அது என்னை வேடிக்கை பார்த்தது. அதை நோக்கி ஒரு அடி எடுத்து வைத்ததில் ஓடுகள் உடைந்து, என் கால் கீழே சமையல்கட்டில் தொங்கியது. மனைவி அந்தக் காலைப் பார்த்து, "இறங்கி வாரீங்களா, இல்ல இப்படியே இருக்கப் போறீங்களா?" என்றாள்.

பிறகு வைத்தியத்தில் இறங்கினேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டேன். பூனை அதைத் துடைத்தெறிந்தது. டிங்சர் போட்டேன். பூனையின் புண் ஆறவில்லை, என் கையிரண்டும் புண்ணாயின. சில மாதங்களில் ஒரு காதின் ஓரம் தடித்து, அரித்துத் தின்றாற்போல ஆகிவிட்டது. "இனி நீங்க பாத்தது போதுங்க. மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம்" என்று மனைவி கூடையை எடுத்துவிட்டாள்.

பூனையைத் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாகப் போக எனக்கு வெட்கம். கூடையைத் துண்டால் மூடிக்கொண்டேன். தெரிந்தவர் ஒருவர் மறித்து, "என்ன பாய், கோழியா?" என்றார். ஆமாம் என்றேன். உள்ளிருந்து 'மியாவ்' என்றது. அவர் கூடையை ஒரு தரம் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னால் எல்லாம் மாடுகள். எங்கள் முறை வந்ததும் டாக்டர் காதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கடிச்ச புண்ணு இல்ல. புற்றுநோய் மாதிரித் தெரியுது. வெள்ளைப் பூனைக்குக் காதுல முடி கம்மி. வெயில் பட்டுப் பட்டு இப்படி ஆகும்னு படிச்சிருக்கேன்."

நான் கம்போடு காத்திருந்த எதிரி, மாதக்கணக்கில் என் தலைக்கு மேலேயே வெயிலாக இருந்திருக்கிறது.

"மருந்து ஏதாச்சும்?" என்றேன்.

"தடவுற மருந்துல போகாது. மேல்நாட்டுல கரண்ட் வச்சுக் கருக்குறாங்களாம். நம்ம கையில இருக்கிறது கத்திதான். காதை அடியோட எடுத்துட்டா பொழைக்கலாம். மயக்கமருந்து கொஞ்சம் கூடினாலும் பூனை தாங்காது, அதையும் சொல்லிடறேன். சும்மா விட்டா உள்ளே பரவும்."

"காதில்லாம பார்க்க எப்படி இருக்கும்?" இதுதான் நான் கேட்ட கேள்வி.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எடுத்துருங்க டாக்டர்" என்றாள்.

பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார் டாக்டர். "நான் தோல் ஷாப்புல இருக்கிறவன், ரத்தமெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல" என்று மார்தட்டி உள்ளே போனேன். மயக்கமருந்தில் நனைத்த பஞ்சைப் பூனையின் மூக்கருகே கொண்டுபோனார்கள். அந்த வாடை வந்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது வராந்தாவில் கிடந்தேன். ஒரு மாட்டுக்காரர் என் முகத்தில் தண்ணீர் தெளித்து, "எந்திரி அப்பு, ஒண்ணுமில்ல" என்றார். உள்ளே என் மனைவிதான் பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கடைசிவரை.

பூனை பிழைத்தது. காதில்லாமல் உருண்டைத் தலையோடு, வழித்துக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. முதல் நாள் எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பூனைக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. பசிக்கிறது என்று கத்தியது. வெயிலில் விடக்கூடாது என்றார் டாக்டர். ஜன்னலுக்கெல்லாம் சாக்குத் திரை கட்டினேன். அது கதவு வழியாகப் போனது.

சில வருஷங்கள் நன்றாகவே இருந்தது. பிறகு மூக்கில் அதே பொருக்கு வந்தது. பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவர், "மூக்குல கை வைக்க முடியாது. மெட்ராஸ் வெட்னரி காலேஜ்ல வேணா கேட்டுப் பாக்கலாம். அம்புட்டு தூரம் இது தாங்குமான்னு தெரியல. வலிக்கு மருந்து தாரேன், ஈ மொய்க்காமப் பாத்துக்குங்க" என்றார்.

வேண்டாம் என்று இருவருமே முடிவு செய்தோம். மனைவி மீனை முள் எடுத்து மசித்துக் கொடுப்பாள். நான் விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். அந்த ஒரு வைத்தியம்தான் எனக்குச் சரியாக வந்தது. மழை பெய்த ஒரு காலையில் அது என் காலருகே படுத்தபடியே போய்விட்டது.

அன்று ஷாப்புக்குப் போக முடியவில்லை. பூனை செத்ததற்கு லீவு கேட்க வாய் வரவில்லை. வீட்டில் ஒரு மவுத்து என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

மத்தியானம் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் தொப்பி அணிந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"மவுத்தானது யாரும்மா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டார் மேனேஜர்.

அவளுக்குப் பொய் வராது. "பூனைங்க" என்றாள்.

கூட வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். என் கண் வீங்கியிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"எம்புட்டு நாளா முடியாம இருந்துச்சு?" என்று கேட்டார்.

மனைவி டீ போடப் போனாள். நான் காதிலிருந்து ஆரம்பித்து அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.