வாங்கிய இடம் சொல்லாத அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் தாளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். வெள்ளைத் தாளுக்கு இந்தத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கே போவது? கோடு போட்ட கொப்பித் தாளில்தான் அச்சடித்துத் தந்தார்கள். அக்கா இருந்திருந்தால் அதைச் சொல்லியே விலையைக் குறைத்திருப்பார். நான் அவரின் தங்கை; எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்கா நெல்லியடியில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். படிப்பில் முதலாம் பிள்ளை என்று எழுதினால் அவரே எழும்பி வந்து சிரிப்பார். பண்டத்தரிப்பில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பிள்ளைகள் மூவருக்கும் நல்ல நல்ல கடைச் சட்டைகளாக வந்து இறங்கும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் அத்தான் கட்டிய சாரத்தோடு கப்பலில் வந்து இறங்கினார். கடை எரிந்து போயிற்று. சம்பளமும் அதோடு போயிற்று.

வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு றங்குப்பெட்டி நிறையப் பிள்ளைகளுக்கு அளவில்லாமற் போன சட்டைகள். அவற்றை விற்கப்போவதாக அக்கா சொன்னார். புகுந்த வீடே ஆடிப்போயிற்று.

"பிள்ளையள் போட்டுக் கழிச்சதை வித்துத் தின்னுறதோ? வீட்டுக்குத் தரித்திரமெல்லோ!" என்றார் மாமியார்.

"மாமி, பிறந்த பிள்ளைக்கு முதன்முதல் போடுறது புதுசோ? முப்பத்தொண்டு கழியுமட்டும் பழந்துணிதானே சுத்தி வைக்கிறனீங்கள். அப்ப வராத தரித்திரம் இப்ப மட்டும் வருமோ?" என்றார் அக்கா. மாமியார் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோபம் மட்டும் சில மாதம் இருந்தது.

தொடக்கத்தில் தன் வீட்டுச் சட்டைகளை நெல்லியடிக்குக் கொண்டுவந்து விற்றார். பிறகு நெல்லியடியில் வாங்கிப் பண்டத்தரிப்பில் விற்றார். பஸ் ஓடிய நாளில் பஸ், ஓடாத நாளில் அத்தானின் சைக்கிள். ஒரு ஊரில் வாங்கியதை அதே ஊரில் அக்கா ஒருநாளும் விற்றதில்லை. "வகுப்பிலை ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைப் பாத்து 'இது என்ரை பழைய சேட்டு' எண்டு சொல்லக் கூடாதடி. அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகுமோ?" என்பார். விற்றவர் பெயரை வாங்குபவருக்குச் சொல்லமாட்டார். வாங்குபவர் பெயரை விற்றவருக்கும் சொல்லமாட்டார். எனக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது அவருக்குத் தெரியும்.

விலை சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தாய்மார் வளரும் பிள்ளைக்குச் சட்டை தைத்தால் கீழே அகலமாக உள்ளுக்கு மடித்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்கலாம். அக்கா சட்டையின் பூவையோ நிறத்தையோ பார்ப்பதில்லை. கீழ்க்கரையைப் புரட்டி, உள்ளே இன்னும் எவ்வளவு மடிப்புக் கிடக்கிறது என்று பார்ப்பார். "இது ஆறு வயசுச் சட்டை இல்லைப் பாருங்கோ. ரெண்டு மடிப்பு இருக்கு, எட்டு வயசு மட்டும் போடலாம். நான் துணிக்கோ காசு கேக்கிறன், வருசத்துக்கெல்லோ கேக்கிறன்!" என்பார். மடிப்பெல்லாம் பிரித்து முடிந்த சட்டையை வாங்கவேமாட்டார். பெடியளின் காற்சட்டை என்றால் நேரே பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். "காற்சட்டையை முன்னாலை பாத்து வாங்கிறவன் ஏமாளி" என்று அவர் சொன்னால் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

இப்படி மூன்று நான்கு வருடம் பிள்ளைகள் பசி அறியாமல் வளர்ந்தார்கள். பிறகுதான் அந்த நீலச் சட்டை வந்தது.

நெல்லியடியில் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் ஒருவரின் மனைவி அதை விற்றார். நல்ல நீலம், பையில் ஒரு மஞ்சள் தாரா வாத்து தைத்திருந்தது. இப்படியான அடையாளங்களை விற்க முன்பு பிரித்து எடுத்துவிடுவது அக்காவின் வழக்கம். பண்டத்தரிப்பில் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு தாயின் மகள், ஏழு வயது, அந்தத் தாராவைக் கண்டுவிட்டாள். "தாரா இல்லாட்டி எனக்கு வேண்டாம்" என்று ஒரே அழுகை. போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டார். நெல்லியடி எங்கே, பண்டத்தரிப்பு எங்கே!

எண்பத்தேழில், நெல்லியடி இருக்கும் வடமராட்சியில் சண்டை வந்தது. நாங்கள் எல்லோரும் உடுத்த உடுப்போடு ஓடினோம். நான் அக்கா வீட்டுக்கு வந்தேன். வேறு பல குடும்பங்கள் பண்டத்தரிப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கின. கந்தோர்க்காரர் குடும்பமும் அங்கேதான் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெண்கள் சோறு சமைத்துக் கொண்டுபோனார்கள். அக்காவும் நானும் ஒரு சோற்றுக் கிடாரத்தைத் தூக்கிப் போனோம். தோட்டக்காரத் தாயும் மகளும் வாழையிலைக் கட்டோடு வந்தார்கள். மகள் போட்டிருந்தது அந்த நீலச் சட்டை.

கந்தோர்க்காரரின் மகள் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். "இது என்ரை சட்டை! என்ரை தாரா! கழட்டடி, கள்ளி!"

சனம் கூடிவிட்டது. நீலச் சட்டைப் பிள்ளை தாயின் பின்னால் ஒளித்தது. "நாங்கள் காசு குடுத்து வாங்கினது" என்றார் தாய். யாரிடம் என்று சனம் கேட்டபோது மகளை இன்னும் பின்னால் தள்ளி மறைத்தார்.

அக்கா கிடாரத்தை இறக்கிவிட்டு முன்னுக்கு வந்தார். "நான்தான் வித்தனான்."

"உமக்கு எங்காலை வந்தது?" என்றார் கந்தோர்க்காரர். "எங்கடை வீட்டிலை களவு போயிருக்கு. நாங்கள் என்ன பிள்ளையின்ரை உடுப்பை விக்கிற ஆக்களோ? களவுச் சாமான் வாங்கி விக்கிறீர் போலை. நான் பொறுப்பான ஆக்களுக்கு அறிவிக்கிறன்."

அந்த நாளில் ஊரில் பொலிஸ் இல்லை; கள்ளர் என்று பெயர் விழுந்து ஆயுதக்காரரின் விசாரணைக்குப் போனவர் எல்லோரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. உங்களுக்குத் தெரியாததா? அக்காவுக்கும் தெரியும். கந்தோர்க்காரரின் மனைவி கைக்குழந்தையோடு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். ஒரு பெயரைச் சொன்னால் அக்காவுக்கு விடுதலை. நான் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "சொல்லுங்கோ அக்கா, சொல்லித் துலையுங்கோ!"

அக்கா என் கையைத் தட்டிவிட்டார். "வாங்கின இடம் சொல்லமாட்டன். என்னைக் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ. இந்தப் பிள்ளை கள்ளி இல்லை. பிள்ளையின்ரை சட்டையிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளின் தாய் இப்படி நிற்கலாமா என்று எனக்கு வந்த ஆத்திரம் சொல்ல முடியாது.

கந்தோர்க்காரர் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவரின் மனைவி வாய் திறந்தார்.

"நில்லுங்கோப்பா. நான்தான் வித்தனான். உங்கடை சம்பளம் வராத மாதம் சின்னவனுக்குப் பால்மா வாங்க வித்தனான். உங்களுக்குச் சொன்னால் தாங்கமாட்டியள் எண்டு சொல்லேல்லை."

கந்தோர்க்காரர் திரும்பி வந்து, பிள்ளைகள் இருந்து படிக்கும் ஒரு வாங்கில் இருந்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். வெட்கம் மனிதரை என்னவெல்லாம் பேசவைக்கும். பிறகு எழும்பி அந்தச் சின்னப் பெண்ணின் தலையைத் தடவி, "போடு பிள்ளை, அது உன்ரை சட்டைதான்" என்றார். அவருடைய மகள் மட்டும் விக்கி விக்கி அழுதாள். வீட்டையும் புத்தகத்தையும் விட்டுவிட்டு வந்த பிள்ளை, அழாமல் என்ன செய்யும்?

அடுத்த நாள் அக்கா வீட்டில் இருந்த மூட்டை முழுவதையும் பள்ளிக்கூட முற்றத்தில் அவிழ்த்தார். எல்லோரும் பார்க்கப் பட்டப்பகலில். "சும்மா தாறன் எண்டு நினையாதேங்கோ, நான் வியாபாரி. விலை இருக்கு. பிள்ளைக்கு இது சின்னனாகேக்கை கிழியாமல் எனக்குத் திருப்பித் தரவேணும். அதுதான் விலை" என்றார். வாங்கிய தாய்மாரில் ஒருவரும் தலை குனியவில்லை. கந்தோர்க்காரரின் மகளுக்கு ஒரு சிவப்புச் சட்டை வாய்த்தது.

அதன்பிறகு அக்கா மறைத்து விற்கவில்லை. சட்டைகளைக் கொடியில் போட்டே விற்றார். "பழைய சட்டைக்காரி" என்று பெயர் வைத்தார்கள். "ஓம், பழைய சட்டைக்காரிதான். பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்பார். தொண்ணூறுக்குப் பிறகு, பொருளாதாரத் தடையால் புதுத்துணி கண்ணில் காணக் கிடைக்காத நாட்களில், சிரித்தவர்களும் அந்தக் கொடியடிக்கு வந்தார்கள். மூன்று பிள்ளைகளையும் படிப்பித்தார். மூத்தவளைக் கரையேற்றினார்.

கடைசி இரண்டு வருடமும் சலரோகம் என்ற நீரிழிவு வாட்டியது. மருந்து கிடைத்த மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. படுக்கையில் இருந்தபடியே விலை சொன்னார். போன மாதம், தன் ஐம்பதாவது வயதைக் காணாமலே கண்ணை மூடினார்.

மருந்து தேடி அலைந்த அயலவருக்கும், சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அத்தானின் தம்பிக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், தூரம் பாராமல் வந்து துக்கம் பகிர்ந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர். செத்தவீட்டில் பெண்களோடு பெண்ணாக இருந்து அழுதுவிட்டு, தண்ணீரும் குடியாமல் நெல்லியடிக்குப் போனார். மலரில் அவரின் பெயரைப் போடலாமா என்று ஆள் விட்டுக் கேட்டேன். "போடச் சொல்லுங்கோ, எனக்கு இப்ப என்ன வெக்கம்" என்று சொல்லி அனுப்பினார். ஆனாலும் போடவில்லை. அக்கா சொல்லாததை நான் எப்படிச் சொல்வது? அம்மா, நீங்கள் அன்றைக்கு வாய் திறந்திராவிட்டால், அந்தப் பள்ளிக்கூட முற்றத்தோடு எங்கள் அக்காவை நாங்கள் இழந்திருப்போம். அதற்குப் பிறகு எங்களோடு அவர் வாழ்ந்த ஏழு வருடமும் நீங்கள் தந்தவை.