மண்ணுக்கு ஒரு நாள் லீவு

வரதராஜன்பேட்டையைச் சுற்றி எங்கே பள்ளம் தெரிந்தாலும் அதில் பாதி ராஜவேல் தோண்டியதாகத்தான் இருக்கும். பத்தொன்பது வருடங்களாகப் பொக்லைன் ஓட்டுகிறார். கக்கூஸ் குழி, வீட்டு அஸ்திவாரம், மீன் குட்டை, கிராவல் மேடு என்று எல்லாமே அவர் கைவரிசை. அப்படிப்பட்டவர் வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் மண்ணைக் கிழிக்க மாட்டேன் என்று சொன்னார். அதற்கு ஊர் அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நாள் ஜூன் இருபத்தொன்று. மூன்று வருடங்களுக்கு முன்பு தா.பழூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கெட் தூக்கிய கட்டி ஒன்று பிளந்தது. உள்ளே ஒரு தேரை. மழை வரும்வரை மண்ணுக்குள் தூங்கலாம் என்று படுத்திருந்த அது, வெயிலில் கண் கூசி உட்கார்ந்திருந்தது. அதன் பின்னங்கால் ஒன்றைப் பக்கெட்டின் பல் கொண்டுபோயிருந்தது. ராஜவேல் இன்ஜினை நிறுத்தினார். அதை எடுத்து வேலியோரம் ஈர நிழலில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் பூவிழி டீச்சர் பிள்ளைகளோடு ஒரு கம்பை நிறுத்தி நிழலை அளந்துகொண்டிருந்தார்.

"உச்சி வெயில்ல நிழல் ஏது டீச்சர்?" என்று ராஜவேல் கேட்டார்.

"இருக்கு பாருங்க. தெக்க விழுது. சூரியன் நமக்கு வடக்கால போயிருச்சு. இன்னிக்குத்தான் வருசத்துலயே நீளமான பகல். இதுக்கு மேல வடக்க போகாது. நாளையிலேர்ந்து திரும்பிரும்."

அந்தப் பேச்சு அவர் மண்டையில் தங்கிவிட்டது. சூரியனே போதும் என்று திரும்புகிற நாளில், தான் மட்டும் ஏன் நிறுத்தாமல் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்? அடுத்த வருடம் முதல் ஜூன் இருபத்தொன்றில் வண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். விடியும்போதே தன் முந்திரிக் கொல்லைக்குப் போவார். ஒரு குடம் தண்ணீரை மண்ணில் ஊற்றுவார். செருப்பில்லாமல் உட்கார்ந்து, அந்த வருடம் தான் எங்கெல்லாம் தோண்டினோம் என்று ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்ப்பார். அந்தந்த இடத்து மண்ணிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்பார். உச்சி நேரத்தில் கம்பின் நிழலைப் பார்த்துவிட்டு வீடு திரும்புவார். அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவ்வளவையும் யாராவது நிம்மதியாகச் செய்ய விட்டார்களா?

"உடம்பு சரியில்லன்னு சொல்லு, லீவு தரேன். பொண்டாட்டியோட சண்டைன்னு சொல்லு, ரெண்டு நாள்கூடத் தரேன். மண்ணுக்கு லீவுன்னு சொன்னா நாலு பேருகிட்ட நான் என்னான்னு சொல்றது?" என்று வண்டி முதலாளி வைரக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். தட்சிணாயனம் ஆடி ஒன்றாம் தேதிதான் பிறக்கிறது, நீ நாள் மாற்றிக் கும்பிடுகிறாய் என்று டீக்கடையில் ஒருவர் பஞ்சாங்கத்தோடு வந்து சண்டை போட்டார். யோகா தினம்தானே, வா மைதானத்துக்கு என்று இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்தார். மனைவி அனுசுயாவும் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"மண்ண நோண்டக் கூடாதுங்கிறீங்க. கம்ப எப்புடி நடுவீங்க?"

அதற்காக மூன்று கல்லைக் கூட்டி, நடுவில் கம்பைச் செருக வேண்டியதாயிற்று.

இந்த வருடம் அந்த நாள் சனிக்கிழமை. போனை அணைத்துவிட்டுக் கொல்லையில் போய் உட்கார்ந்தார் ராஜவேல். எட்டு மணிக்கு வைரக்கண்ணு நேரிலேயே வந்துவிட்டார். தெருவில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டதாம். ராஜவேல் எழுந்திருக்கவில்லை. கத்திவிட்டு, வேறு டிரைவரை ஏற்றி வண்டியை அனுப்பினார் முதலாளி. ராஜவேல் மறுபடி கண்ணை மூடி, பத்து இடங்கூட நினைத்திருக்க மாட்டார். இன்னொரு பைக் சத்தம்.

இந்த முறை வந்தவர் சூசைராஜ். இன்சூரன்ஸ் ஏஜென்ட். வெள்ளைச் சட்டையோடு, அழுது வீங்கிய கண்களோடு நின்றார்.

"அண்ணே, எங்கம்மா நேத்து சாயங்காலம் தவறிட்டாங்க. நாலு மணிக்கு மாதா கோயில்ல பூசைன்னு சாமியார் சொல்லிட்டாரு. கல்லறைத் தோட்டத்துல மண்ணு பாறையாட்டம் கெடக்கு. குழி வெட்டுற ரெண்டு பேரும் திருப்பூருக்குப் போயிட்டாங்க. நீங்க மிஷினோட வந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்."

"இன்னிக்கா?" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன மாத்திரத்தில் ராஜவேலுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சாவு நாள் பார்த்தா வரும்? சூசைராஜின் அம்மா சவரியம்மாளை அவருக்குத் தெரியும். முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்த பாட்டாளி. வருடம் முழுக்கக் குழி தோண்டிவிட்டு, அந்த மனுஷிக்கு ஆறடி மண் கேட்கும்போது மட்டும் விரதம் என்றால் அது என்ன பக்தி? ஆனால் மண்ணுக்குக் கொடுத்த வாக்கும் வாக்குதானே? மீறித்தான் ஆக வேண்டுமென்றால், பக்கெட்டின் பல்லால் கிழிக்காமல் தன் கை நோக மீறலாம்.

"மிஷினு வேணாம். கையால வெட்டித் தரேன்" என்றார் கடைசியில்.

"அண்ணே! ஊரே மிஷினுக்கு ஒங்களத் தேடுது. நீங்க கடப்பாரைங்கிறீங்க. என்னண்ணே நேரங்காலம் தெரியாம?"

"இரு, முழுசாக் கேளு." ராஜவேலின் குரல் மாறியது. "எங்கப்பன் உத்திராபதிய, எவன் செத்தாலும் குழி வெட்டக் கூப்புடுவாங்க. மாட்டேன்னு சொல்ல முடியாது அவரால. எம்புள்ள இதுக்குப் போவக் கூடாதுன்னுதான் என்ன டிரைவருக்கு உட்டாரு. நான் தனியா வெட்ட மாட்டேன். நீயும் எறங்கணும். ஒங்க சொந்தக்காரங்களும் எறங்கணும். சம்மதமா?"

சூசைராஜ் பைக் சாவியைப் பாக்கெட்டில் போட்டார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் செம்மண் நிஜமாகவே பாறைபோலத்தான் கிடந்தது. ராஜவேல் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, குனிந்து தொட்டுக் கும்பிட்டார். கடப்பாரை முதல் அடியில் தெறித்துத் திரும்பியது. லீவரைப் பிடித்துப் பழகிய உள்ளங்கை அரை மணி நேரத்தில் கொப்பளித்துவிட்டது. சூசைராஜ் வெட்டினார், அவருடைய சித்தப்பா வெட்டினார், மாப்பிள்ளைமார் இருவரும் மாற்றி மாற்றி அள்ளிப் போட்டார்கள். ஒருவருக்கும் மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. "இப்புடி இல்லங்க, காலத் தள்ளி வைங்க, வெரலு போயிரும்" என்று சொல்லிச் சொல்லியே ராஜவேலுக்குத் தொண்டை வறண்டது. மிஷின் இருந்தால் இந்நேரம் வீட்டில் இருந்திருக்கலாம் என்று யாரோ முனகியதும் அவர் காதில் விழாமலில்லை.

இடுப்பளவு இறங்கியபோது மண் குளிர்ந்தது. சூசைராஜ் ஒரு பிடி அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஜில்லுனு இருக்குண்ணே" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்து, குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதார். யாரும் அவரை எழுப்பவில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ குழி தோண்டியும், அடிமண்ணின் குளிர்ச்சியை ராஜவேல் அன்றுதான் கையால் தொட்டார். கண்ணாடிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு அது எட்டியதே இல்லை. உச்சி நேரம் எப்போது கடந்தது என்று அவர் கவனிக்கவில்லை.

மூன்றரைக்குக் குழி தயார். பூசை முடிந்து ஐந்தரைக்கு சவரியம்மாளை இறக்கினார்கள். வெட்டியவர்களே மண்ணையும் தள்ளினார்கள்.

வீட்டுக்குப் போனால் அனுசுயா கைகளைப் பார்த்துவிட்டுக் கூச்சலிட்டார். "மிஷின் ஓட்டுற மாப்புளன்னுதான எங்கூட்டுல கட்டிக் குடுத்தாங்க? மாமா இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாரா?"

"அவரு வெட்டுனப்ப செத்த ஊட்டுக்காரன் கைகட்டி நின்னான். இன்னிக்கு எங்கூடவே எறங்கி வெட்டுனான்" என்றார் ராஜவேல்.

அனுசுயா அவரைப் பிடித்து உட்காரவைத்தார். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கொப்புளங்களில் தடவினார். அதற்குள் வைரக்கண்ணுவின் போன். மாற்று டிரைவர் உடைந்த குழாயைத் தேடி, நன்றாக இருந்த குழாயையும் உடைத்துவிட்டானாம். நாளைக் காலை ஆறு மணிக்கு வந்தாக வேண்டும். "வரேன்" என்று ராஜவேல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"அடுத்த வருசமாச்சும் ஜூன் இருபத்தொண்ணு லீவு நாள்ல வருதான்னு பாருங்க. மொதலாளிகிட்ட தொங்க வேணாம்" என்றார் அனுசுயா.

ராஜவேல் போனைத் தேய்த்துப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழமையா? சுத்தம். அன்னிக்கு ஊருல எல்லாப் பயலும் ஊட்டுலதான் இருப்பான். ஒங்கள எவன் உக்கார உடுவான்?"